ஊதா ஆக்ஸாலிஸ்: சென்னை பால்கனியில் சில ஆண்டுகள்

ஊதா இலைச் செடி வேண்டுமென்று நர்சரியில் கேட்டால், முதலில் ட்ரேட்ஸ்கான்ஷியாவைத்தான் எடுத்துத் தருவார்கள். அதையும் வளர்க்கிறேன்; ஒடித்து நட்டாலே பிழைத்துக்கொள்ளும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், கிழக்குப் பார்த்த என் பால்கனியில் முதலிடம் ஆக்ஸாலிஸ் ட்ரையாங்குலாரிஸுக்குத்தான். காம்பின் நுனியில் நாவற்பழ நிறத்தில் மூன்று முக்கோணச் சிற்றிலைகள், நடுவில் மட்டும் இளம் ஊதாத் தீற்றல். காலை வெயில் இலையை ஊடுருவும்போது அந்த நிறத்தைப் பார்க்கவே சீக்கிரம் எழுந்துவிடுவேன்.

சொந்த ஊர் தென் அமெரிக்கா. நம் வரப்புகளில் தானாக முளைக்கும் புளியாரையும் இதே பேரினம்தான். இலையைக் கிள்ளி வாயில் வைத்தால் அதே புளிப்பு. அதற்குக் காரணம் ஆக்ஸாலிக் அமிலம் என்பதால் பூனை, நாய் உள்ள வீடுகளில் எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

இருட்டத் தொடங்கியதும் மூன்று சிற்றிலைகளும் காம்பை ஒட்டிக் கீழே மடிந்துகொள்ளும், விடிந்ததும் விரியும். இலையடியில் உள்ள சிறு புடைப்பின் செல்களில் நீர் ஏறி இறங்குவதால் நடக்கும் அசைவு இது. பட்டப்பகலில் மடிந்தால் வெயில் அதிகம் என்று பொருள். தொட்டியை உள்ளே நகர்த்திவிடுவேன். அதற்காக இருட்டறையில் வைத்துவிடக் கூடாது. வெளிச்சம் குறைந்தால் ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் குறைந்து இலை வெளிறும், காம்பு நீண்டு சாயும்.

செம்மண், தேங்காய் நார்த்தூள், மணல், கொஞ்சம் மண்புழு உரம் போதும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். ஐப்பசி அடைமழையில் தொட்டியைச் சுவரோரம் ஒதுக்கிவிடுவேன்; நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

இந்தச் செடியின் உண்மையான சோதனை கோடைதான். சித்திரை பிறந்து வெயில் ஏற ஏற இலைகள் நிறம் மங்கும், காம்புகள் ஒவ்வொன்றாகச் சரியும், அக்னி நட்சத்திரத்தின்போது தொட்டியில் வெறும் மண்தான் இருக்கும். செத்துவிட்டது என்று எத்தனையோ பேர் இந்தக் கட்டத்தில் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மண்ணுக்குள் செதில் செதிலான சிறு கிழங்குகள் உயிரோடுதான் இருக்கின்றன. வெப்பத்துக்குத் தப்ப அவை உறங்குகின்றன, அவ்வளவே. வாடுகிறதே என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதுதான் அவற்றைக் கொல்லும். நான் காய்ந்த காம்புகளை மண் மட்டத்தில் வெட்டிவிட்டு, தொட்டியை நிழலுக்கு மாற்றித் தண்ணீரை ஏறக்குறைய நிறுத்திவிடுவேன். ஆடி கழிந்து காற்றில் ஈரம் வந்ததும் லேசாக நனைத்தால் போதும், சில வாரங்களில் சுருட்டிய தளிர்கள் தலைகாட்டும். கிழங்குகளைப் பிரித்து வேறு தொட்டிகளில் நடவும் இதுவே சமயம்.

மார்கழி, தை மாதங்களில் தொட்டி நிறைந்து, வெளிர் ரோஜா நிறத்தில் ஐந்திதழ்ப் பூக்களும் வரும். பனிக்காலம் முடிந்து காற்று வறளும்போது இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். செஞ்சிலந்தி அங்குதான் சேரும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பாலும் போய்விடும்.

ஆண்டு முழுதும் பசுமை மாறாத அலங்காரச் செடி தேடுபவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ட்ரேட்ஸ்கான்ஷியா போதும். மற்றவர்கள் கார்த்திகையில் வாங்குங்கள். கோடையில் விற்பனைக்கு வரும் வாடிய தொட்டிகளில் கிழங்கு திடமாக இருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.