எச்சரிக்கை: இலவச லைட்காயின் வகுப்பு, போனது 3,40,000 ரூபாய்

திருப்பூர், அவிநாசி, ஈரோடு, கோபி பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கடைசி வரை படியுங்கள். பிட்காயின் மாதிரி இணையத்தில் மட்டும் புழங்கும் லைட்காயின் என்ற கிரிப்டோ காசை வாங்கித் தருகிறோம் என்று சொல்லி என்னிடம் 3,40,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, இப்போது போனையே எடுக்க மாட்டேன் என்கிறார்கள். புகார் கொடுத்திருக்கிற நேரத்தில் கம்பெனி பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதனால் எப்படிப்பட்ட இடம் என்று மட்டும் சொல்கிறேன். ஒரு மொபைல் ஆப், அதோடு ஒட்டிய ஒரு பயிற்சி வகுப்பு, பேக்கரிக்கு மேல்மாடியில் ஏசி போட்ட ஆபீஸ். ஞாயிறு வகுப்பு இலவசம். பப்ஸும் காபியும் கூட உண்டு.

நான் பனியன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவன். சொந்தமாகப் பவர்டேபிள், அதாவது தையல் மிஷின் வரிசை, போட்டிருக்கிறேன். ஃப்ளாட்லாக் தையல் மிஷின் வாங்கச் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம்தான் இப்படிப் போனது.

ஈமு கோழி வளர்ப்பு மோசடியில் பட்ட சூடு நம் பக்கம் யாருக்கும் ஆறவில்லை. 2012-இல் பெருந்துறைப் பக்கம் எத்தனை குடும்பம் அழுதது என்று எல்லோருக்கும் தெரியும். மாதம் இவ்வளவு தருகிறோம் என்று எவனாவது வாயைத் திறந்தால் நம் ஆட்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அது இவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மாத வருமானம் என்ற பேச்சே அங்கு இல்லை. வகுப்பு எடுத்த பையன் முதலில் சொன்னதே இதுதான்: “நாங்க ஒரு கேரண்டியும் தரமாட்டோமுங்க. மொதல்ல புரிஞ்சுக்குங்க. வாங்கறதா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்.” பேச்சில் அப்படியே நம் ஊர் மரியாதை. காங்கேயம் பக்கம் என்றான்.

பாடமும் ஒழுங்காகத்தான் நடத்தினான், எரிச்சலே அதுதான். லைட்காயினை 2011-இல் உருவாக்கியவர் சார்லி லீ, கூகுளில் வேலை பார்த்தவர். பிட்காயினின் நிரலை எடுத்துச் சில இடங்களில் மாற்றினார். பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிமாற்றங்களின் ஒரு கட்டு, கணக்கில் ஏறும், இதில் இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. பிட்காயின் மொத்தம் 2.1 கோடிக்கு மேல் வராது, இது 8.4 கோடி. கம்ப்யூட்டரை ஓட்டிப் பிளாக்கைக் கணக்கில் ஏற்றிப் புதுக் காயின் வாங்குவதற்குப் பெயர் மைனிங். அதற்குப் பிட்காயினில் இருக்கும் முறை வேறு, இதில் ஸ்கிரிப்ட் என்ற முறை. மைனிங் செய்பவருக்குக் கிடைக்கும் காயின் 8,40,000 பிளாக்குக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்: 50 என்று தொடங்கி, 2015-இல் 25, 2019-இல் 12.5, 2023-இல் 6.25. அடுத்தது 2027. எல்லாவற்றையும் வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாக எழுதினான். இத்தனையும் உண்மை. பிறகு நானே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், ஒரு எண் கூடத் தப்பில்லை.

விலையைப் பற்றியும் மறைக்கவில்லை. 2017 டிசம்பரில் 350 டாலரைத் தாண்டியது, அடுத்த வருடக் கடைசியில் 30 டாலருக்கும் கீழே போனது என்று அவனே படம் போட்டுக் காட்டினான். உச்சத்தில் இருந்த அந்த 2017 டிசம்பரிலேயே சார்லி லீ தன் கையிலிருந்த காயின்களை விற்றுவிட்டதையும் அவன்தான் சொன்னான். 2021 மே மாதம் 400 டாலரைத் தாண்டியதையும் அடுத்த வருடம் ஜூனில் 50 டாலர் அளவுக்குச் சரிந்ததையும் சொன்னான். உருவாக்கினவரே விற்றார் என்று சொல்கிறவன் நம்மிடம் எதை ஒளிக்கப் போகிறான் என்று யாருக்கும் தோன்றும். தோன்றட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

பொய் வந்தது, அன்றாட உபயோகம் என்று ஆரம்பித்த இடத்தில். வால்மார்ட்டே லைட்காயினை வாங்கிக்கொள்கிறது என்று ஒரு செய்தியைத் திரையில் போட்டான். ஆங்கிலத்தில் பெரிய தலைப்போடு இருந்தது. அந்தச் செய்தி 2021 செப்டம்பரில் யாரோ கிளப்பிவிட்ட போலி அறிக்கை. அதை நம்பி விலை கொஞ்ச நேரம் எகிறியது, வால்மார்ட் மறுத்ததும் விழுந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தேடல் போதுமாக இருந்தது. ஆனால் அது பணம் போன பிறகு.

இன்னொன்று இதைவிடக் கில்லாடித்தனம். வகுப்பு முடிந்து நாலைந்து பேரை மட்டும் பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சாப்பாடும் ஒரு பிளேட் பள்ளிபாளையம் சிக்கனும், பில் 640 ரூபாய். நாங்கள் பர்ஸை எடுத்தோம். “இருங்கண்ணா, லைட்காயின்லயே குடுத்தரலாம்” என்றான். கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆரை அவர்கள் ஆப்பில் ஸ்கேன் செய்தான். திரையில் வெள்ளி நிறத்தில் வட்டமாக லைட்காயின் சின்னம், அதற்குக் கீழே சுழியில் தொடங்கி நீளமாக ஒரு எண், பக்கத்தில் 640 ரூபாய். ஒரு பட்டனை அழுத்தினான். இரண்டு நொடி வட்டம் சுற்றியது. கல்லாவில் இருந்த சவுண்ட் பாக்ஸ் ‘ரூபாய் அறுநூற்று நாற்பது பெறப்பட்டது’ என்று தமிழில் கத்தியது. மெஸ்காரரும் தலையை ஆட்டிவிட்டுப் பில்லைக் குத்தூசியில் குத்தினார். என் கண்ணால் பார்த்து, காதால் கேட்டதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் நம்பியது அந்தச் சத்தத்தைத்தான்.

போன வாரம் அதே மெஸ்காரரிடம் போய், அன்றைய வரவைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பாவம், அவர் பொறுமையாக விரலால் தள்ளித் தள்ளி எடுத்துக் காட்டினார். 640 ரூபாய், சாதாரண சேமிப்புக் கணக்கிலிருந்து சாதாரண யூபிஐ, அனுப்பியது ஏதோ ஒரு பெண் பெயர். லைட்காயினும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை. ஆப்பின் முன்பக்கத்தில் சின்னத்தைக் காட்டிவிட்டுப் பின்னால் ரூபாயைத் தள்ளியிருக்கிறான். “ஏனுங்க, நான் அவங்ககிட்ட காயின் கீயின்னு ஒன்னும் வாங்கலீங்க, என்னைய இதுல இழுக்காதீங்க” என்று மெஸ்காரர் பயந்துவிட்டார்.

முதலில் 50,000 கட்டினேன். ஆப்பில் காயின் ஏறியது, விலை ஏற ஏறக் கணக்கும் ஏறியது. அடுத்து 2,30,000 ரூபாயை நெஃப்ட் போட்டேன். கட்டிய ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் வங்கிக் கணக்கு. கேட்டால் “லிமிட் இருக்குதுங்கண்ணா, அதனால மாத்தி மாத்தித் தர்றோம்” என்பார்கள். திரையில் 4,12,000 காட்டிய சமயத்தில், மிஷின் கடைக்காரர் சரக்கு வந்துவிட்டது என்று கூப்பிட்டார். சரி, எடுத்துவிடலாம் என்று ஆப்பில் பணம் எடுக்கும் பட்டனை அழுத்தினேன். பெண்டிங். மறுநாளும் பெண்டிங்.

“ஏனுங்க தம்பி, பணம் எடுக்கப் போட்டேன், அப்படியே நிக்குதே?”

“நெட்வொர்க் கன்ஃபர்மேஷனுங்கண்ணா. 72 மணி நேரம் ஆகும்.”

“நீதான கண்ணு போர்டுல ரெண்டரை நிமிஷம்னு எழுதுன?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அது டெக்னிக்கல் டைமுங்கண்ணா. இது ஆபரேஷனல் டைமு.”

இந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. ஆறு கன்ஃபர்மேஷனுக்கு, அதாவது ஆறு பிளாக் ஏறும் வரை, காத்திருந்தாலும் கால் மணி நேரம்தான் கணக்கு. அவன் சொல்லிக் கொடுத்த பாடத்தாலேயே அவன் பொய் உடைந்தது, ஆனாலும் கூச்சமே இல்லாமல் பேசுகிறான்.

பிறகு சர்வர் அப்கிரேடு என்றார்கள். பிறகு ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள், ஹெட் ஆபீஸ் எந்த ஊர் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சாட்டில் போனால் ‘அன்பான வாடிக்கையாளரே, உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில், பெரிய தொகை எடுக்க வேண்டுமென்றால் கேஒய்சி லெவலை உயர்த்த வேண்டும், 60,000 ரூபாய் டெபாசிட், பணத்தோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும் என்றார்கள். உள்ளே மாட்டியிருப்பது 2,80,000. அதை வெளியே எடுக்க வேண்டுமே என்று 60,000 கட்டினேன். மொத்தம் 3,40,000 ஆனது அப்படித்தான்.

டெபாசிட் கட்டியதும் அடுத்த குண்டு: லாபத்துக்கு 30 சதவீத வரியை முதலில் எங்களிடம் கட்டுங்கள், பிறகுதான் ரிலீஸ். இந்த இடத்தில் நான் ஆடிட்டரிடம் ஓடினேன். அவர் சொன்னது: 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி இருப்பது உண்மை, மேலே செஸ்ஸும் உண்டு, ஒன்றில் நஷ்டம் வந்தால் இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஆனால் அந்த வரியை நாம் வருமான வரித்துறைக்குத்தான் கட்ட வேண்டும். கிரிப்டோ வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்ச் பிடிப்பது விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ், அதையும் விற்ற பணத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும், அது நம் பான் கணக்கில் தெரியும். “தனி ஆள் கணக்குக்கு யூபிஐயில வரி கட்டச் சொல்ற டிபார்ட்மெண்ட் எங்கியும் கிடையாதுங்க” என்றார்.

கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா பையன்தான் மீதியைத் தோண்டினான். லைட்காயினின் கணக்கேடு ஊரறிய இருப்பது. வழக்கமான எந்தப் பரிமாற்றம் நடந்தாலும் அதற்கு 64 எழுத்தில் ஒரு அடையாள எண் இருக்கும், அதை எவரும் இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். அதைக் கேட்டோம். தேதியும் ஏதோ வரிசை எண்ணும் சேர்த்து, கூரியர் ரசீது எண் அளவுக்கு ஒன்றை அனுப்பினார்கள். சரி, என் காயின் இருக்கிற முகவரியாவது கொடுங்கள் என்றோம். சுழி, எக்ஸ் என்று தொடங்கும் முகவரி வந்தது. பையன் சிரித்துவிட்டான். லைட்காயின் முகவரி பெரும்பாலும் எல் என்றோ எம் என்றோ எல்டிசி1 என்றோ தொடங்கும், சுழி, எக்ஸ் என்று தொடங்கவே தொடங்காது. இவர்கள் கொடுத்தது எத்தீரியம் என்ற வேறொரு கிரிப்டோ வகை முகவரி. வகுப்பில் இதை மட்டும் சொல்லித்தரவில்லை, கவனித்தீர்களா?

ஆக, என் பணத்துக்கு அவர்கள் ஒரு காயின் கூட வாங்கவே இல்லை. குடோனில் மஞ்சள் மூட்டையே இல்லாமல் மண்டிக்காரன் ரசீது மட்டும் எழுதிக் கொடுத்ததைப் போன்றதுதான் அந்தத் திரையில் தெரிந்த எண். வெளியே நடக்கும் லைட்காயின் விலைதான் அதில் ஓடியது, அது மட்டும் நிஜம். லைட்காயினின் தொழில்நுட்பம் சரியாக இருந்தால் அதை விற்கிறவனும் சரியானவன் என்று நாம் முடிச்சுப் போடுவோம் என்பதுதான் இவர்களுடைய மொத்த மூலதனம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மறுபடி ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும், அதனால் அவசரமாக: எந்த ஆப்பில் வாங்கினாலும் முதலில் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, அதை உங்கள் சொந்த வாலட்டுக்கு, அதாவது காயினை நீங்களே வைத்துக்கொள்ளும் ஆப்புக்கு, அனுப்பிப் பாருங்கள், ‘அந்த வசதி இல்லை’ என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச்சிலிருந்து பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, எஃப்ஐயு என்ற மத்திய அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். பணத்தை எடுக்கப் பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். நம் ஊர்க் கடையில் லைட்காயின் செல்லும் என்று எவன் காட்டினாலும் கடைக்காரர் போனில் வரவு யார் பெயரில் வந்தது என்று அங்கேயே பாருங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்குப் போன் அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் சொன்னால்தான் வங்கியில் முடக்க வாய்ப்பு. நான் கூப்பிட்டபோது கடைசியாகப் போட்ட 60,000 கூட அந்தக் கணக்கில் இல்லை.

அவர்கள் குரூப்பில் இன்று மதியம் ஒரு அறிவிப்பு: வரும் ஞாயிறு கோபியில் ஒரு மண்டபத்தில் இதே வகுப்பு. அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் இப்போதே போன் போட்டுச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், ‘வரி கட்டினால் வந்துவிடும்’ என்று இன்னும் காத்திருக்காதீர்கள். வங்கி ஸ்டேட்மெண்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போங்கள். என் 3,40,000 ரூபாய் ஒற்றைப் புகாராக இருக்கும் வரை அங்கே ஃபைல் நகராது.