ஓரணு பல்லேடியம் வினையூக்கி: ஒரு கிராம் குப்பியுடன் நான்கு மாதம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நாள்தோறும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குச் சென்று, வாசனைப் பொருள்களுக்கான இடைநிலைச் சேர்மங்களைத் தயாரிக்கும் சிறிய ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கோவை முகவர் வழியாக வாளையாறு தாண்டி எங்களுக்கு வந்த இந்த வெளிர்மஞ்சள் வினையூக்கித் தூளில், கார்பன் நைட்ரைடு என்னும் தாங்கியின் நைட்ரஜன் அணுக்கள் பல்லேடியம் உலோகத்தை அணு அணுவாகப் பிரித்துப் பிடித்து வைத்திருக்கின்றன.

எங்களுக்கு வேண்டியது, 3-ஹெக்சைன்-1-ஆலின் மும்மைப் பிணைப்பு இரட்டைப் பிணைப்பானதும் ஹைட்ரஜனேற்றம் நின்றுவிட வேண்டும் என்பதே. அப்படி நின்றால் கிடைக்கும் சிஸ்-3-ஹெக்சீன்-1-ஆலுக்கு, மாட்டுக்கு அப்போதுதான் அறுத்த பச்சைப் புல்லின் மணம் இருக்கும். ஒரு படி தாண்டினால் ஹெக்சனால் ஆகி அந்த மணம் போய்விடும். 1952-இல் வேதியியலாளர் லிண்ட்லர் அறிமுகப்படுத்திய, காரீயம் சேர்த்து வேகத்தை மட்டுப்படுத்திய பல்லேடியம்தான் இதற்குப் பழகிய வழி. அதில் வேலை நன்றாகவே நடக்கும் என்றாலும், காரீயக் கழிவைக் கையாளும் கவலை எனக்கு எப்போதும் உண்டு.

மும்மைப் பிணைப்புச் சேர்மம் முழுவதும் தீர்ந்த பிறகும் ஒரு மணி நேரம் ஹைட்ரஜனை நிறுத்தாமல் விட்டுப் பார்த்தேன்; வினையூக்கியின் உண்மையான குணம் அந்த நேரத்தில்தான் தெரியும். கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகை (ஜி.சி.) வரைபடத்தில் ஹெக்சனாலின் முகடு மிகச் சிறிதாகவே இருந்தது. பல்லேடியத் துகளில் அடுத்தடுத்த அணுக்கள் இரட்டைப் பிணைப்பை இறுகப் பற்றி மேலும் ஹைட்ரஜனை ஏற்றிவிடுகின்றன. தனியணுவிலோ அந்தப் பிடி தளர்வாக இருப்பதால், விளைபொருள் அடுத்த வினைக்கு முன்பே விலகிச் செல்கிறது. துகளுக்குள் ஹைட்ரஜன் புகுந்து பல்லேடியம் ஹைட்ரைடு உண்டாகி, அந்த மிகை ஹைட்ரஜனேற்றத்தைத் தூண்டுவதற்கும் இங்கே இடமில்லை.

வேகம் குறைவு. ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்க இரண்டு உலோக அணுக்கள் அருகருகே இல்லாததால் தாங்கியும் அதில் பங்கெடுக்க வேண்டியிருக்கிறது. காலையில் தொடங்கிய வினை மாலை வரை நீள்வதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

என் மனக்குறை வேறு. ஆறாவது முறை வடிகட்டி எடுத்தபோது மஞ்சள் தூள் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது; அன்றே ஹெக்சனாலின் முகடும் உயர்ந்தது. அணுக்கள் இடம்பெயர்ந்து துகள்களாகத் திரண்டுவிட்டன என்றே கருதுகிறேன். மேலும், குப்பியோடு வந்த தாளில் பல்லேடியத்தின் எடை விழுக்காடு மட்டுமே இருந்தது. 2011-இல் சீன வேதியியலாளர்கள் சியாவ் போடாவ், ஜாங் தாவ் ஆகியோரின் குழு இரும்பு ஆக்சைடு மீது தனித்த பிளாட்டினம் அணுக்களை அறிவித்தபோதே, மின்னணு நுண்ணோக்கிப் படங்களையும் எக்ஸ் கதிர் உறிஞ்சல் அளவீடுகளையும் சான்றாக வைத்தது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே பிணைப்பு இல்லை என்று காட்டாமல் ‘ஓரணு’ என்று பெயரிட்டு இவ்வளவு விலைக்கு விற்பது முறையாகாது.

புல் மணம் தரும் அந்த ஆல்கஹாலுக்காக இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்து சுழற்சிக்கு மேல் நம்ப வேண்டாம். எக்ஸ் கதிர் உறிஞ்சல் அளவீட்டை அனுப்பினால்தான் அடுத்த குப்பிக்குப் பணம் செலுத்துவோம் என்று முகவருக்கு எழுதியிருக்கிறேன்.