சென்னிமலை பெட்சீட் கடைக்கு வெப்சைட்: ஏழு வருடம், மூன்று தளம்

சென்னிமலையில் எங்களுக்குக் கைத்தறி பெட்சீட், துண்டு, ஜமுக்காளம் விற்கிற கடை. அப்பா காலத்தில் முழுக்க மொத்த வியாபாரம். 2018 தை மாதம் கடைக்கென்று ஒரு வெப்சைட் ஆரம்பித்தோம். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அன்றிலிருந்து என்னுடையது. இடையில் இரண்டு தடவை அடியோடு பிரித்துக் கட்டியாகிவிட்டது. சொந்தக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று மாதம் ஒருவராவது "எந்த சாஃப்ட்வேர்ல பண்றதுங்க?" என்று கேட்கிறார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் எடுத்தது இழுத்துப் போட்டுக் கட்டும் வகை பில்டர். பெயர் வேண்டாம். இரண்டு சாயங்காலத்தில் தளம் தயார். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கிற வாடகை இடம்), பாதுகாப்பான தளம் என்று காட்டும் பூட்டுக் குறி, டெம்ப்ளேட் (தயார் பக்க வடிவம்) எல்லாம் ஒரே சந்தாவில் வந்தன. ஒரு வரி கோடு எழுதவில்லை. மூன்று வருடம் நிம்மதியாக ஓடியது, அதை மறைக்கக் கூடாது. நாலு பக்கத்தில் முடிகிற தொழிலென்றால், பட்டறை, டியூஷன் சென்டர், சமையல் காண்ட்ராக்ட் மாதிரி, இன்றைக்கும் அந்த வகைதான் சுலபம் என்பேன்.

எங்களுக்குச் சிக்கல் வந்தது நூல் விலையில். 2021-ல் நூல் விலை ஏற ஏற, பெட்சீட் விலையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தளத்தில் 84 வகை பெட்சீட். சிங்கிள், டபுள் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை. எங்கள் திட்டத்தில் ஒவ்வொரு பொருளாகத் திறந்து, அளவைத் தொட்டு, விலையை அடித்து, சேமித்து, வெளியே வர வேண்டும். 168 தடவை. கடை சாத்திய பிறகு உட்கார்ந்தால் மூன்று ராத்திரி ஆகும், அதற்குள் அடுத்த விலை வந்துவிடும். ஒரு தடவை பெங்களூரிலிருந்து ஒருவர் தளத்தில் இருந்த பழைய விலையைப் பார்த்து ஆறு டபுள் பெட்சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். விலை மாறிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "நாம போட்ட விலைதானே அம்மணி? அது நம்ம வாய்ச்சொல்லு மாதிரி. அதுக்கே அனுப்பிச்சுரு" என்றார். அனுப்பினோம். வெப்சைட்டில் விலையைச் சட்டென்று மாற்ற முடிவது கடையின் நாணயத்தோடு சேர்ந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்குக் கூடுதல் ஒப்புதல் வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. நம் பாதுகாப்புக்காக வந்த விதி. எங்கள் சந்தா கார்டுக்கு நாங்கள் ஒப்புதல் கொடுத்து வைக்கவில்லை. நினைவூட்டல் மெயில் யாரும் திறக்காத பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது தளம் நான்கு நாள் மூடிக் கிடந்தது. எந்த மென்பொருள் எடுத்தாலும் முதல் நாளே அதன் மெயிலை கடையில் தினமும் பார்க்கிற முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

வெளியேறலாம் என்று முடிவு செய்தபோதுதான் எதை எடுத்துக்கொண்டு போக முடியும் என்று பார்த்தேன். டொமைன், அதாவது தளத்தின் பெயர், எங்கள் பேரில் பதிவாகியிருந்தது. அதன் மாற்றத் தடையை நீக்கி, மாற்றுக் குறியீடு வாங்கி வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஒரு வாரம் ஆனது. மற்றபடி பக்க அமைப்பு எதுவும் கூட வராது. படங்கள் சுருங்கிய அளவில்தான் கிடைத்தன. பொருள் விவரங்களை நானும் அண்ணியும் பதினோரு ராத்திரி உட்கார்ந்து எடுத்து ஒட்டினோம். டொமைன் மட்டும் வேறு யார் பெயரிலாவது இருந்திருந்தால், மூன்று வருடம் பை மேல் அச்சடித்த பெயரே போயிருக்கும். தளம் செய்து தருகிறவர் டொமைனைத் தன் கணக்கில் பதிந்துவிட்டு, பிறகு போனை எடுக்காமல் இருக்கும் கதையை எங்கள் தெருவிலேயே இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். சின்ன வியாபாரத்துக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இந்த விஷயத்தில் இல்லை.

2022 ஜனவரியில் வேர்ட்பிரஸ். 2003-லிருந்து இருக்கிற இலவசத் திறமூல மென்பொருள். உலகத்தில் உள்ள தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. இதனால் நமக்கு என்ன பிரயோஜனமென்றால், ஏதாவது கெட்டுப்போனால் ஈரோட்டிலோ பெருந்துறையிலோ தெரிந்த பையன் ஒருவன் கிடைப்பான். கடை வைக்க வூகாமர்ஸ் என்ற இலவச ப்ளகினை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை, சேர்த்தோம்.

அந்த மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தத் தடவை தடுமாறவில்லை. ஒரே அளவுள்ள துண்டு வகைகளைப் பட்டியலில் டிக் அடித்து "இப்போதுள்ள விலையில் இத்தனை சதவீதம் ஏற்று" என்றால் முடிந்தது. சிங்கிள், டபுள் என்று அளவு பிரித்த பொருள்களுக்கு அந்த வழி செல்லாது. அவற்றைச் சிஎஸ்வி கோப்பாக (எக்செல் மாதிரி பத்தி பிரித்த பட்டியல்) இறக்கி, விலைப் பத்தியை மட்டும் மாற்றி, திரும்ப ஏற்ற வேண்டும். மூன்று ராத்திரி வேலை அரை மணி நேரமாகிவிட்டது. ஒரே எச்சரிக்கை: அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து அப்படியே சேமித்தேன். திரும்ப ஏற்றினால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக நின்றன. முந்தின ராத்திரி பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். இப்போது லிப்ரே ஆபீஸில் திறக்கிறேன். திறக்கும்போதே எழுத்து வகை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துவிட்டால் எழுத்து குலையாது.

ஆனால் அந்த இரண்டாவது தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் விலைக்கு வாங்கிய கனமான தீம் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பது) ஒன்றைப் போட்டிருந்தார். முகப்பில் சுழலும் படங்கள், கீழிருந்து எழும்பி வரும் எழுத்து, மொத்தம் 27 ப்ளகின். கடை கம்ப்யூட்டரில் பார்க்க அழகுதான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்று என் போனில் திறந்தேன். முதல் பெட்சீட் கண்ணில் பட 11 நொடி. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவுகோல். எங்களுக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் போனில்தான் பார்க்கிறார்கள்.

அதோடு 2022 நவம்பரில் பிஎச்பி 7.4 பதிப்புக்கு ஆதரவு முடிந்தது. வேர்ட்பிரஸ் ஓடுவதே பிஎச்பி என்ற மொழியின் மேல். ஹோஸ்டிங்கில் 8-க்கு மாற்றியதும், வருடக் கணக்கில் யாரும் புதுப்பிக்காத அந்தச் சுழல்படப் ப்ளகின் படுத்துக்கொண்டது. தளம் முழுக்க வெள்ளைத் திரை. அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன், இனி எனக்குப் புரியாத எதுவும் தளத்தில் இருக்கக் கூடாது என்று.

மூன்றாவது தளம் நானே கட்டியது. அதே வேர்ட்பிரஸ், அதே வூகாமர்ஸ், தீம் மட்டும் ஸ்டோர்ஃப்ரண்ட் என்ற இலவச தீம். 9 ப்ளகின். சுழல்படம் கிடையாது. பொருள்கள் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருந்ததால் ஒரு வாரத்தில் முடிந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு நாளும் நிற்கவில்லை.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும், வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேர்ட்பிரஸ் தலைப்பை வைத்தே பக்கத்தின் முகவரியை அமைக்கும். முகவரிக்குள் ஒரு தமிழ்க் குறியீடு, சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது இடம் பிடிக்கும். முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். மெய்ப்புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு என்பதால் "சென்னிமலை டபுள் பெட்சீட்" என்ற மூன்று சொல்லிலேயே அது நிரம்பிவிடும். பின்னால் வரும் "நீலக்கரை", "பச்சைக்கரை" வெட்டுப்பட்டு, இரண்டுக்கும் ஒரே முகவரியாகி, ஒன்றின் கடைசியில் 2 என்று மட்டும் சேரும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எது எதென்று நமக்கே தெரியாது. அதனால் தலைப்பு தமிழில், முகவரி மட்டும் சின்னதாக ஆங்கில எழுத்தில் என்று வைத்திருக்கிறேன்.

அடுத்தது எழுத்துரு. அழகாக இருக்கிறதே என்று மீரா இனிமையை எடுத்தேன். அதில் ஒரே தடிமன்தான். தலைப்புக்குத் தடித்த எழுத்து கேட்டால் பிரவுசர் தானாக ஊதிக் கொடுக்கும், 'ண', 'ஞ' சுழியெல்லாம் அடைத்துப்போகும். முக்த மலரில் ஏழு தடிமன் இருக்கிறது. அதற்கு மாறி, வரி இடைவெளியையும் கூட்டினேன். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் மேல் வரி 'கூ'வின் வாலும் கீழ் வரி 'ரீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். பொத்தான்களில் இருக்கும் வாசகத்தை லோகோ டிரான்ஸ்லேட் ப்ளகினில் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் தளத்தில் "பையில் போடுங்க" என்று இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் சொல்வதும் அதுதான்.

படத்துக்கு நான் செலவழித்த நேரம் மென்பொருளுக்குச் செலவழித்ததைவிட அதிகம். மெரூன் பெட்சீட் சிவப்பாகத் தெரிந்தது என்று திரும்பி வந்திருக்கிறது. இப்போது காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள், வடக்குத் திண்ணையில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கிறேன். பக்கத்தில் ஒரு வெளுத்த வெள்ளைத் துண்டை விரித்து, அது வெள்ளையாகவே தெரிகிற மாதிரி நிறத்தைச் சரிசெய்கிறேன். இன்னொரு படம் கரையை ஒட்டி, ஒரு ரூபாய் நாணயத்தை மேலே வைத்து. நூல் எவ்வளவு தடிமன், நெசவு எவ்வளவு நெருக்கம் என்று அதில் தெரிந்துவிடும். போன் படம் 4 எம்பி இருக்கும். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி வடிவத்தில் சேமித்தால் 150 கேபிக்குள் வருகிறது. அதற்குப் பிறகு நிறத்தைச் சொல்லித் திரும்பி வந்தது மொத்தமே இரண்டு.

வேறு மென்பொருள் பற்றிச் சுருக்கமாக. ஷாப்பிஃபை என்ற சந்தா முறைக் கடை மென்பொருளை அண்ணியின் தங்கைக்காக இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஆர்டர், ஸ்டாக், கூரியர் சீட்டு எல்லாம் அவ்வளவு ஒழுங்கு. தினமும் முப்பது, நாற்பது பார்சல் போடுகிறவர் யோசிக்காமல் எடுக்கலாம். அவர்களுடைய சொந்தக் கட்டண வசதி இந்தியாவுக்கு இல்லாததால், ரேஸர்பே போன்ற பணம் வாங்கித் தரும் சேவை ஒன்றை இணைக்கும்போது அதன் கட்டணத்தோடு ஷாப்பிஃபைக்கும் பேசிக் திட்டத்தில் 2 சதவீதம் போகும். துண்டு விற்கிற எங்கள் லாபத்தில் அது பெரிய தொகை. விக்ஸ் என்ற இழுத்துப் போட்டுக் கட்டும் பில்டரின் வழக்கமான எடிட்டரில் டெம்ப்ளேட் தேர்ந்தெடுத்துக் கட்டிய பிறகு வேறு டெம்ப்ளேட்டுக்கு மாற முடியாது, ஆகவே முதலிலேயே நிதானமாகப் பாருங்கள். வெளிநாட்டுச் சந்தா எதுவானாலும் காட்டுகிற விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டியையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

எங்களுக்கு இப்போது டொமைன், ஹோஸ்டிங் சேர்ந்து வருடத்துக்கு ஆறாயிரம் ரூபாய்க்குள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் அப்டேட், பேக்கப் பார்க்கிறேன். இந்த ஒரு மணி நேரம் கொடுக்க ஆளில்லையென்றால் வேர்ட்பிரஸ் எடுக்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

தினசரி வேலையை நான் தொடுவதே இல்லை. கடையில் பில் போடும் பெண்ணுக்கு ஷாப் மேனேஜர் என்ற அளவில் ஒரு கணக்கு. விலை, ஸ்டாக், ஆர்டர் எல்லாம் அவள் மாற்றலாம். தீம், ப்ளகின் பக்கம் அவளால் போக முடியாது. வந்து ஒரே வாரத்தில் தானாகப் பழகிக்கொண்டாள். போன மாதம் நெசவாளர் ஒருவர் தறியிலிருந்து பீஸை அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "அம்மணி, இந்தப் பச்சைக்கரை இதோட சரிங்க. சாயம் இனி அடுத்த மாசந்தான்" என்றார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் போனிலேயே இருப்பு நான்கு என்று மாற்றிவிட்டாள்.

தீபாவளிச் சரக்கு கட்டி முடிந்ததும் ஆங்கிலப் பக்கங்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும். பாலிலாங் ப்ளகினைப் பார்த்து வைத்திருக்கிறேன். வூகாமர்ஸோடு முழுசாகச் சேர அதன் கட்டணப் பதிப்பு வேண்டும். முதலில் தளத்தின் நகலொன்றில் போட்டுப் பார்க்கப் போகிறேன்.