ஜே.டி. நாற்காலிக்கு முன் எந்த வகுப்பு?

அரசு மருத்துவமனையில் இருபது வருடம் அறுவை சிகிச்சை செய்தவர் ஒருநாள் இணை இயக்குநர் (ஜே.டி.) ஆகிறார். மாவட்டத் தலைமை மருத்துவமனையும் தாலுகா மருத்துவமனைகளும் இனி அவர் பொறுப்பு. முதல் வாரமே மேசைக்கு வருபவை: அவுட்சோர்சிங் துப்புரவுப் பணியாளர்களின் சம்பளப் பாக்கி, மருந்து வாங்கித் தரும் அரசுக் கழகத்தின் பாஸ்புக்கில் எவ்வளவு மீதம் என்ற கேள்வி, பழைய ஆடிட் அப்ஜெக்ஷன், ஒரு ஊழியர் மேல் 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு, நாளைக்குக் கலெக்டர் ரிவ்யூ. அறுவை சிகிச்சைக்கான எம்.எஸ். படிப்பில் இவற்றில் ஒன்றும் கிடையாது. அவருடைய அலுவலக இளநிலை உதவியாளராவது பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவர். அதனால்தான் பல அலுவலகங்களில் ஃபைலை ஓட்டுவது உதவியாளர், கையெழுத்து மட்டும் டாக்டருடையது.

நோய்த்தடுப்பைக் கவனிக்கும் பொது சுகாதாரப் பக்கம் கதை வேறு. சென்னை மாகாணக் காலத்திலேயே, 1920-களின் தொடக்கத்தில், அதற்கென்று தனி இயக்குநரகம் வந்துவிட்டது. 1939-இல் தனிச் சட்டமும் வந்தது. அங்கே டி.பி.ஹெச். எனும் பொது சுகாதாரப் பட்டயம் போன்ற தகுதியோடு சுகாதார அலுவலராக நுழைபவர், மாவட்டப் பொறுப்புக்கு வருவதற்குள் பட்ஜெட், ஆள் பற்றாக்குறை, காய்ச்சல் சீசன் எல்லாவற்றையும் சின்ன அளவில் சமாளித்துப் பழகியிருப்பார். இதற்குத் தலைமைப் பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் நம்மிடம் இருப்பதிலேயே சிறந்த பயிற்சி இதுதான் என்பது என் கருத்து. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களுக்கும் இப்படி ஒரு பொது சுகாதார மேலாண்மைப் பிரிவு வேண்டும் என்றது. 2022-இல் மத்திய அரசு வழிகாட்டுதலும் வெளியிட்டது. சரி, மருத்துவமனைப் பக்கம் வளர்ந்த டாக்டர் நாற்பத்தைந்து வயதில் திரும்பிப்போய் அந்த வரிசையில் நிற்க முடியாது. அவருக்கு முன்னால் இருக்கும் வழிகளில் எது தேறும்?

முதலில் டெல்லி. முனிர்காவில் இருக்கும் தேசிய சுகாதார, குடும்பநல நிறுவனம் 1977-இல் இரண்டு பழைய நிறுவனங்களை இணைத்து உருவானது. மாவட்ட அளவிலான மூத்த மருத்துவ அலுவலர்களுக்காக அது நடத்திவந்த மேலாண்மைப் படிப்பு பத்து வாரம். அதன் பெரிய லாபம் பாடத்திட்டத்தில் இல்லை, பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. பீகார், அசாம், கேரளா என்று பல ஊர்க்காரர்களோடு உட்காரும்போதுதான், நாம் இயற்கை விதி என்று நினைத்துக்கொண்டிருந்த பலவும் நம்மூர்ப் பழக்கம் மட்டுமே என்று தெரியவரும். நம்மவருக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. மருந்துக் கொள்முதல் பற்றிப் பேச்சு வந்தால், 1994-இல் தொடங்கிய நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமே உதாரணமாக நிற்கும். மற்றவர்கள் இவரைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், இவருக்கோ இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போடுவதைத் தாண்டித் தெரியாது! குறை என்னவென்றால், அந்தப் பத்து வாரமும் ஊரில் கூடுதல் பொறுப்பு வேறொருவர் தலையில். திரும்பி வரும்போது தேங்கிய ஃபைல்கள் காத்திருக்கும், படித்ததைப் போட்டுப்பார்க்க நேரம் இருக்காது.

இதற்கு நேர் எதிரான வழி சென்னையிலேயே இருக்கிறது. அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2001 முதல் நடத்திவரும் களப்பயிற்சிப் படிப்பு இரண்டு வருடம். ஆனால் வகுப்பறையில் உட்காருவது கொஞ்ச நாள்தான். மீதிக் காலம் களத்தில் வேலை. கண்காணிப்பு முறையை ஆராய வேண்டும், நோய்ப்பரவலை விசாரிக்க வேண்டும், கையில் இருக்கும் புள்ளிவிவரத்தை அலச வேண்டும், எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும். டெண்டர், ஒழுங்கு நடவடிக்கை பற்றியெல்லாம் இது பெரிதாக எதுவும் சொல்லித்தராது. பிறகு ஏன் இதைத் தலைமைப் பயிற்சி வரிசையில் வைக்கிறேன்? தன் கீழிருந்து வரும் எண்ணை நம்பலாமா என்று கேட்கப் பழக்குவதால். தடுப்பூசி நூற்றைந்து சதவீதம் என்று ஒரு வட்டாரம் அனுப்பினால், கைதட்டுகிற அதிகாரியும் உண்டு, குழந்தைகளின் மொத்தக் கணக்கை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்கிற அதிகாரியும் உண்டு. ரிவ்யூ மீட்டிங் என்பதே இந்த இரண்டாவது ஆளுக்காகத்தான் இருக்கிறது. டெல்லியா அயப்பாக்கமா என்று கேட்டால், சர்வீஸ் பத்து வருடமாவது மீதியிருப்பவருக்கு நான் அயப்பாக்கம்தான் சொல்வேன்.

இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை மேலாண்மை முதுநிலைப் பட்டயம் குறைந்தது ஒரு வருடம், தொலைநிலை. பணியில் இருந்துகொண்டே முடிக்கலாம். ஸ்டோர்ஸ், லேப், கழிவு அகற்றல் எனப் பாடங்கள் ஆர்.எம்.ஓ.வுக்கும் (நிலைய மருத்துவ அலுவலர்) கண்காணிப்பாளருக்கும் நேரடியாகப் பயன்படும். தனியாகப் படிப்பதால் பேச்சுத்துணை மட்டும் இல்லை.

சென்னை கிரீன்வேஸ் சாலையில் அரசு அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் அண்ணா மேலாண்மை நிலையம் இருக்கிறது. அங்கே நடப்பது போன்ற சில நாள் வகுப்புகளைப் பலர் மதிப்பதில்லை, மதிய சாப்பாட்டுக்குப் போகிற இடம் என்று கேலி பேசுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விசாரணை அதிகாரியை எப்போது நியமிக்க வேண்டும், விளக்கம் சொல்ல எத்தனை நாள் தர வேண்டும் என்பதை மூன்று நாளில் கற்றுக்கொள்ளலாம். இது தெரியாமல் போட்ட உத்தரவு நீதிமன்றத்தில் விழுந்தால், நிர்வாகியின் பேச்சுக்கு அந்த மருத்துவமனையில் அப்புறம் மரியாதை இருக்காது. அரசு ஊழியர் பயிற்சிக்காக 2020-இல் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் கர்மயோகி திட்டத்தின் ஆன்லைன் பாடங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீடியோவை ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

இந்த ஒப்பீட்டையே கெடுக்கிற விஷயம் ஒன்று உண்டு: வயது. பதவி உயர்வு சீனியாரிட்டி பேனல்படி வருவதால், ஓய்வுக்கு இரண்டு மூன்று வருடம் இருக்கும்போது ஜே.டி. ஆகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வருடப் படிப்பு வீண். பத்து வாரம்கூட அதிகம். பயிற்சி ஆர்.எம்.ஓ. நிலையிலேயே, நாற்பதுகளின் தொடக்கத்தில் கிடைக்க வேண்டும். நடைமுறையில் யாரை விட்டால் வேலை கெடாதோ அவரைத்தான் அனுப்புகிறார்கள், யாருக்குத் தேவையோ அவரை அல்ல.

ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவர் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய குறுகிய வகுப்பு ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அதே மாவட்டத்தின் பொது சுகாதாரப் பொறுப்பில் இருக்கும் அதிகாரியை ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. வேறு இயக்குநரகம், தன்னைவிட ஜூனியர் என்றெல்லாம் தயங்க வேண்டாம். சம்பளப் பாக்கியும் ஆடிட் பதிலும் அவருக்குப் பழகிய சமாச்சாரம்.