வெள்ளைப் பணியாரம் கேட்டுப் பாருங்கள்

சென்னையில் எங்கே சாப்பிடலாம் என்று மகள் ஒரு மணி நேரம் போனைத் தடவினாள். கடைசியில் நுங்கம்பாக்கத்தில் ஒரு 'செட்டிநாடு' உணவகம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. காரைக்குடிக்காரி நான், அதிலேயே மயங்கிவிட்டேன். சரி என்று வெள்ளைப் பணியாரம் சொன்னேன். குழிச்சட்டியில் ஊற்றிய இட்லி மாவு உருண்டை வந்தது! எங்கள் ஊர் வெள்ளைப் பணியாரம் என்றால், பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, மேலே கோபுரமாக உளுந்தைக் குவித்து, ஊறவைத்து, நைசாக ஆட்டி, காய்ந்த எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி, சிவக்காமல் எடுக்கணும். கோழி வறுவலில், செட்டிநாட்டு மசாலாவில் சேர்க்கும் கல்பாசியின் வாசனையே இல்லை, வெறும் மிளகாய்க் காரம். கறுப்பரிசியில் செய்யும் கவுனி அரிசி இனிப்பு மட்டும் குழைய வெந்து, தேங்காய்ப்பூவும் நெய்யுமாக நன்றாக இருந்தது. அதற்காக இன்னொரு தடவை போவேன், பில்லை மாப்பிள்ளை கொடுத்தால்.