முடி கொட்டுகிறது: எண்ணெயா, மருந்தா, நடவா, மொட்டையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறச் சிறுநகரில் முடி கொட்டுகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்து விழும். சலூன்காரர் அலமாரியிலிருந்து ஓர் எண்ணெயை எடுத்துக் காட்டுவார். அத்தை சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கச் சொல்வார். வாட்ஸ்அப் குழுவில் ஈப்போ கிளினிக் ஒன்றின் ‘முன்பு, பின்பு’ படங்கள் வரும். முடி நட்டுக்கொள்ள இஸ்தான்புல் போய்த் தலையில் கட்டோடு திரும்பியவரின் காணொளியும் கூடவே வரும். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி எது நல்லது என்று கேட்டால் பதில் கிடைக்காது. நான் இவற்றை ஒரே கேள்வியால் அளக்கப் பார்க்கிறேன்: இதை நிறுத்தினால் என்ன ஆகும்?

அளப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பு. டிங்கிக் காய்ச்சல், பிரசவம், பட்டினி போட்டு உடல் மெலிவது, பெரிய அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். காய்ச்சலையே மறந்திருப்போம், அதனால் ஷாம்பு மீதும் தொட்டித் தண்ணீர் மீதும் சந்தேகம் போகும். இந்த வகை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகும். எதையும் வாங்க வேண்டாம்.

வட்டமாக, காசு அளவுக்கு ஓரிடத்தில் மட்டும் முடி போனால் அது புழுவெட்டு. புழு எதுவும் இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தி முடி வேரையே தாக்குகிறது. சின்ன வெங்காயம் பெயர் வாங்கியது இங்கேதான். சிறிய வட்டங்கள் பலருக்குத் தாமாகவே மூடிக்கொள்ளும், புகழ் வெங்காயத்துக்குப் போய்விடும். வட்டங்கள் பெருகினாலோ, தோல் சிவந்து அரித்தாலோ, தழும்புபோல் மினுங்கினாலோ அரசாங்க கிளினிக்கில் காட்டித் தோல் நிபுணருக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சில வெள்ளியில் (ரிங்கிட்டில்) முடிகிற காரியம்.

மற்றபடி ஆண்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பரம்பரை வழுக்கைதான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஒரு நொதியால் டி.எச்.டி. என்ற வீரியமான வடிவத்துக்கு மாறுகிறது. அதற்கு இசைந்து கொடுக்கும் வேர்கள் நெற்றி ஓரத்திலும் உச்சந்தலையிலும் இருக்கின்றன. அவை ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் மெல்லிய முடியை விட்டுக் கடைசியில் ஓய்ந்துபோகின்றன. பிடரியிலும் காதோரத்திலும் உள்ளவை அசைந்து கொடுப்பதில்லை. ஹெல்மெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தாய்வழிப் பாட்டனைப் பார்த்தால் தெரியும் என்பதும் பாதி உண்மைதான், இரு பக்கமிருந்தும் வரும்.

இளைஞர்கள் அதிகம் கேட்பது நெற்றியைப் பற்றி. “அண்ணே, முன்னாடி ஏறிட்டே போகுது, நட்டுடலாமா?” என்று சலூன் நாற்காலியில் உட்கார்ந்த இருபது வயதுக்காரர் கேட்பார். புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றியின் மேல் சுருக்கத்திலிருந்து ஒரு விரல் அகலம் மேலே முடி தொடங்கினால், அது பெரும்பாலும் பையன் நெற்றி ஆண் நெற்றியாக மாறியது மட்டுமே. இரு ஓரமும் ஆழமாக உள்வாங்கினாலும், உச்சியில் தோல் தெரிந்தாலும்தான் வழுக்கை தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். ஹாமில்டன் 1951இல் வகுத்து நார்வுட் 1975இல் திருத்திய ஏழு படிகள் கொண்ட அளவுகோலைத்தான் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அடர்த்தி ஏறக்குறைய பாதி குறைந்த பிறகே கண்ணுக்குத் தெரியும் என்பதால், மாதாமாதம் கண்ணாடி முன் நின்று கவலைப்படுவதைவிட ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு படம் எடுத்து வைப்பது மேல்.

எண்ணெயும் மினாக்சிடிலும்

தேங்காய் எண்ணெய் முடித்தண்டிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைக்கிறது. உடைவது குறையும், பளபளப்பு கூடும். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, விளக்கெண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்துக் காய்ச்சினாலும், டி.எச்.டி.யால் சுருங்கிய வேரை அது எழுப்பும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. நிறுத்தினால்? ஒன்றும் ஆகாது. வாசனையும் அம்மா தலையில் கை வைத்துத் தேய்ப்பதும் பிடித்திருந்தால் தாராளமாகத் தேயுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். எண்ணெய்ப் பாட்டிலில் இருக்கும் என்.ஓ.டி. எண் மட்டும் உங்களை ஏமாற்ற வேண்டாம். அது அழகுப் பொருளாக அறிவிக்கப்பட்டதைக் காட்டும் எண். முடி வளர்கிறதா என்று யாரும் சோதித்துக் கொடுத்த முத்திரை அல்ல. மருந்து என்றால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும்.

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். 1988இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 5 சதவீதத் திரவம், காலையில் 1 மில்லி, இரவில் 1 மில்லி. 60 மில்லி பாட்டில் சரியாக ஒரு மாதம். ஃபார்மசியில் மருந்தாளுநரிடம் கேட்டு வாங்கலாம், ஈப்போவுக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. தோட்டத்தில் விடிகாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. தடவியது காய்வதற்கு முன் ஹெல்மெட் மாட்டினால் பாதி மருந்து பஞ்சுக்குப் போய்விடும். நுரை வடிவம் சீக்கிரம் காயும், விலை கொஞ்சம் கூட.

தொடங்கிய சில வாரங்களில் முன்பைவிட அதிகமாகக் கொட்டும். பயந்து நிறுத்துபவர்கள் இங்கேதான் நிறுத்துகிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த வேர்கள் புதுச் சுற்றுக்குத் தயாராகப் பழைய முடியைத் தள்ளுகின்றன, அவ்வளவுதான். பலன் தெரிய நான்கு மாதமாவது வேண்டும். உச்சந்தலையில் நன்றாக வேலை செய்யும், நெற்றி ஓரத்தில் சுமார். நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் சம்பாதித்தது எல்லாம் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. தலையணையில் ஒட்டிய சிறு அளவுகூடப் பூனைக்கு ஆபத்து. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது, குறிப்பாக இப்போது பேசப்படும் குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரையை.

மினாக்சிடிலும் ஃபினாஸ்டரைடும்

மினாக்சிடில் வேரை ஊக்குகிறது. ஃபினாஸ்டரைடு காரணத்தையே பிடிக்கிறது: டி.எச்.டி.யை உண்டாக்கும் நொதியைத் தடுக்கிறது. தினம் 1 மில்லிகிராம் மாத்திரை, 1997இல் வழுக்கைக்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈராண்டு ஆய்வில் இதைச் சாப்பிட்டவர்களில் 83 சதவீதத்தினருக்கு முடி எண்ணிக்கை குறையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 28 சதவீதம். இருப்பதைக் காப்பாற்றும் வேலையில் இதை மிஞ்சக்கூடியது எண்ணெய்க் கடையில் இல்லை.

ஆனால் பேச வேண்டியதை மறைக்கக் கூடாது. ஆய்வுகளில் ஆசைக்குறைவு, விறைப்புக் கோளாறு போன்றவை 3.8 சதவீதத்தினருக்கு வந்தன. போலி மாத்திரைக்காரர்களில் அது 2.1 சதவீதம். பெரும்பாலானோருக்கு நிறுத்தியதும் சரியாகிறது, சிலர் நீடிப்பதாகச் சொல்கிறார்கள். மனச்சோர்வு வரலாம். தற்கொலை எண்ணமும் வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிப்படுத்தி எச்சரித்தது. முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்குவது எனக்குச் சம்மதமில்லை. புரோஸ்டேட் சோதனையில் பி.எஸ்.ஏ. அளவை இது ஏறக்குறைய பாதியாகக் காட்டும், ஆகவே ஐம்பதைத் தாண்டிய அப்பாக்கள் சோதனைக்கு முன் சொல்லிவிட வேண்டும். ரத்ததானம் செய்கிறவர்களும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது.

நிறுத்தினால் ஓராண்டுக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடும். அப்படியானால் இரண்டும் கட்டிக்கொண்ட கடன்தான், மாதாமாதம் கட்ட வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளியாக இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. நகரத்துப் பெரிய பிராண்டை மூன்று மாதம் வாங்கி விட்டுவிடுவதைவிட, பதிவு பெற்ற ஜெனரிக் மருந்தை மூன்று வருடம் விடாமல் எடுப்பது என் கணக்கில் பல மடங்கு மேல். ஃபினாஸ்டரைடுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். இணையத்தில் சீட்டில்லாமல் விற்பவரிடம் வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பயோட்டின் மாத்திரை பற்றி ஒரே வரி: குறைபாடு அபூர்வம், ஆனால் அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, மாரடைப்பு ரத்தச் சோதனைகளின் முடிவையே குழப்பிவிடும்.

பெண்களுக்குக் கணக்கு வேறு. வகிடு அகலமாவதுதான் முதல் அறிகுறி, நெற்றிக்கோடு பெரும்பாலும் நிற்கும். இரும்புச்சத்து, தைராய்டு சோதனையில் தொடங்குவது நல்லது. பள்ளிக்காலம் முதல் இழுத்துக் கட்டிய கொண்டையால் நெற்றியோரம் மெலிந்திருந்தால், மருந்துக்கு முன் கொண்டையைத் தளர்த்துங்கள், ஆரம்பத்திலேயே தளர்த்தினால் திரும்பி வரும். மினாக்சிடில் அவர்களும் பயன்படுத்தலாம், கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் கூடாது. ஃபினாஸ்டரைடு பிள்ளை பெறும் வயதினருக்கு இல்லை.

ஊசியும் நடவும்

பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. மாதம் ஒன்று வீதம் மூன்று, பிறகு இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். சிலருக்குப் பலன் தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு கிளினிக்கும் வேறு வேறு விதமாகத் தயாரிப்பதால் ஆய்வு முடிவுகள் சீராக இல்லை. நிறுத்தினால் மங்கும். மருந்து எதையும் தொடாமல் இதற்கு மட்டும் பணம் கொட்டுவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

நடவு மட்டும்தான் என் கேள்விக்கு வேறு பதில் தருகிறது. பிடரி முடியை எடுத்து முன்னால் நட்டாலும் அது பிடரி முடியாகவே நடந்துகொள்ளும் என்று நியூயார்க்கின் நார்மன் ஒரென்ட்ரைக் 1950களில் காட்டினார். நட்டது நிற்கும். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பழைய முடி நிற்காது. இருபத்திரண்டு வயதில் பள்ளிப் பையன் நெற்றியைக் கேட்டு நேர்கோடாக நட்டுக்கொண்டவர், முப்பத்தைந்தில் முன்னால் ஒரு வரப்பும் அதன் பின்னால் வெட்டவெளியுமாக நிற்க நேரும். பிடரி நாற்றங்காலில் கன்றுகள் எண்ணிக்கை குறைவு, பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்காது. ஆகவே நட்டவரும் பெரும்பாலும் ஃபினாஸ்டரைடையோ மினாக்சிடிலையோ தொடர வேண்டியிருக்கிறது. நட்டுவிட்டால் மருந்திலிருந்து விடுதலை என்று சொல்லும் கிளினிக்கை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

இதில் இரண்டு முறை. எஃப்.யூ.டி.யில் பிடரியிலிருந்து ஒரு தோல் பட்டையை வெட்டியெடுத்துத் தைக்கிறார்கள். ஒரு கோடு நிரந்தரமாக இருக்கும், முடியைக் கொஞ்சம் நீளமாக வைத்தால் மறையும். எஃப்.யூ.இ.யில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளைக்கருவியால் ஒவ்வொரு வேர்க்கொத்தாக எடுக்கிறார்கள், புள்ளித் தழும்புகள்தான். நம் பையன்கள் பக்கமெல்லாம் ஒட்ட வெட்டி ‘ஃபேட்’ வைப்பவர்கள், ஆகவே அவர்களுக்கு எஃப்.யூ.இ. ஒத்துப்போகும். ஆனால் அளவு மீறி எடுத்தால் பிடரியே கறையான் அரித்ததுபோல் ஆகும். மலிவுத் தொகுப்புகளில் இந்த ஆபத்து அதிகம். மருத்துவர் பெயருக்கு வந்துபோக, உரிமமில்லாத உதவியாளர்களே துளையிடும் இடங்கள் பல நாடுகளில் இருப்பதாக, முடி நடவு மருத்துவர்களின் சர்வதேசச் சங்கமே எச்சரித்து வருகிறது.

இஸ்தான்புல்லா, கோலாலம்பூரா, ஈப்போவா என்றால் நான் பக்கத்து ஊரைத்தான் சொல்வேன். விலை காரணமில்லை. நட்ட முடி முதல் இரண்டு மாதத்தில் உதிர்ந்துவிடும், மூன்று நான்கு மாதத்தில் மறுபடி முளைக்கும், முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். இடையில் சீழ் பிடித்தாலோ சந்தேகம் வந்தாலோ ரயில் ஏறிப் போய்க் கேட்க முடிகிற தூரம் வேண்டும். மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று இணையத்தில் பார்க்கலாம். அழகியல் சிகிச்சைக்கு எல்.சி.பி. சான்று இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். “யார் துளை போடுவார், டாக்டரா?” என்பதையும் வெட்கப்படாமல் கேளுங்கள். வழவழா பதில் வந்தால் அதுவே பதில்.

மறைப்பதும் மழிப்பதும்

ஒட்டுமுடி நன்றாகச் செய்தால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பசை இளகும், சில வாரங்களுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அந்த வேலை தெரிந்தவர் சிறுநகரில் கிடைப்பது கஷ்டம். தலைத்தோலில் புள்ளி புள்ளியாக நிறமேற்றி ஒட்ட மழித்த தலைபோல் காட்டும் முறையும் இருக்கிறது. முடி வளராது, தோற்றம் மாறும், சில ஆண்டுகளில் மங்கும்போது திரும்பப் போட வேண்டும். எஃப்.யூ.டி. தழும்பை மறைக்க இது நல்ல வழி.

மொட்டைக்கு வருவோம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். மழித்த முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் கையில் தடிப்பாகத் தட்டுப்படும், வேரின் எண்ணிக்கை அதேதான். ஆனால் வேண்டுதல் இல்லாமலே மழித்துக்கொள்கிறவர்களுக்கு என் கேள்வியில் முழு மதிப்பெண்: நிறுத்தினால் சில மாதத்தில் பழைய தலை திரும்பிவிடும், செலவு ரேசர் மட்டும். தாடி வைத்தால் பலருக்கு எடுப்பாகவும் இருக்கிறது. செம்பனைக் காட்டிலோ திறந்த வெளியிலோ வேலை செய்பவர்கள் தொப்பியும் சன்ஸ்கிரீனும் மறக்கக் கூடாது. மழித்த தலையில் ஆறாத புண்ணோ சொரசொரப்பான திட்டோ தென்பட்டால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.