சுவாமிமலைக்கு அரை மணி நேரம் போதாது

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று போட்டுத் தரும் பயண அட்டவணைகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. காலை முழுக்க அருங்காட்சியகம். கும்பகோணம் அருகே சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் பட்டறைக்கு அரை மணி நேரம், அதுவும் விற்பனைக் கூடத்திலேயே கரைந்துவிடும். எங்களுக்கு வந்த அட்டவணையை ஒதுக்கிவிட்டுத் தஞ்சாவூரிலேயே அறை எடுத்தோம்.

முதலில் அரண்மனைக் கலைக்கூடம். காளையோடு நிற்கும் சிவனான திருவெண்காட்டு ரிஷபவாகனரை விட்டு மகள் நகரவில்லை. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1011-இல் செய்த திருமேனி அது. சாய்ந்து நிற்க வேண்டிய காளை இன்று இல்லை. ஆனாலும் அந்தக் கை வைத்திருக்கும் விதத்தில் காளை கண்ணுக்குத் தெரிகிறது. மற்றச் செப்புத் திருமேனிகளை விரைவாகவே பார்த்தோம். ஒரே நாளில் நூறு சிலை பார்த்தால் ஒன்றும் மனதில் நிற்காது.

மறுநாள் முழுவதும் சுவாமிமலை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகை ஸ்தபதி மகள் கையில் கொடுத்தார். தென்னை ஓலையை மடித்து மடித்து முகத்துக்கும் உடலுக்கும் அளவு எடுக்கக் கற்றுத் தந்தார். விரல் சூட்டில் மெழுகு இளகியதும் தண்ணீரில் போட்டு இறுக வைத்தார்கள். "அழுத்தாதே பாப்பா, சூடு பட்டால் அதுவே வளையும்" என்றார். மெழுகுருவின் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும்; அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான்.

வார்ப்பு தினமும் நடப்பதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். வார்ப்பு இல்லாத நாளானாலும் கவலை வேண்டாம்; குழந்தைகள் கைவைத்துப் பழக மெழுகு வேலைதான் ஏற்றது.

ஊர் திரும்பும் முன் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தை வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. பட்டறையைப் பார்த்த பின் கண் வேறு இடங்களுக்குப் போகிறது: இடுப்பு மடிப்பு, விரல் நுனி, ஆடையின் கோடுகள். "இது மெழுகிலேயே செய்தது, இது உளியால் செதுக்கியது" என்று மகள் பிரித்துச் சொல்லப் பார்த்தாள். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

சிலை வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். புதிய சிலைதான், பழம்பொருள் அல்ல என்பதற்குத் தொல்லியல் துறையின் சான்று விமான நிலையத்தில் தேவைப்படலாம். அதற்கான நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாங்குங்கள்.